கேம் ஸ்டுடியோவுக்குப் பேரு: பாம்பனா, வத்தையா, கொண்டலா, இல்ல இங்கிலீஷா?

இப்போ கையில இருக்குற பேரெல்லாம் இதுதான்: பாம்பன் கேம்ஸ், சேது இன்டராக்டிவ், வத்தை, ஆவுளியா, கொண்டல், இங்கிலீஷ்ல சால்ட் ரீஃப் ஸ்டுடியோஸ், கடைசியா முரல் மீனைப் பிச்சுப் போட்டு நாங்களே கட்டின முரிலோ. மூணு பேர் சேர்ந்து கேம் பண்றோம். ஒருத்தன் கீழக்கரையில உக்காந்து கோட் எழுதுறான், சவுண்டு பாக்குறது தங்கச்சிமடத்துப் புள்ள, நான் மண்டபத்துல இருந்து படமும் கதையும். பாசி எடுக்கப் போற ஒரு அம்மாவோட கதை, சின்ன கேம்தான், ரெண்டு மூணு மணி நேரத்துல ஆடி முடிச்சிரலாம், முதல்ல கம்ப்யூட்டர் கேம் விக்கிற ஆன்லைன் கடையான ஸ்டீம்ல விட்டுட்டு அப்புறமா போனுக்குக் கொண்டு போலாம்னு ஐடியா. ஸ்டீம்ல பக்கம் போடும்போது டெவலப்பர்னு ஒரு கட்டம் வருது பாருங்க, அதுல என்னத்த எழுதுறதுங்கறதுதான் இப்போ பஞ்சாயத்து.

முதல்ல ஒண்ண ஒத்துக்கணும், ஸ்டுடியோ பேரை ஆடுறவன் ஞாபகம் வெச்சுக்க மாட்டான். மைன்கிராஃப்ட் தெரியாத பையன் பரமக்குடியில கூட கிடையாது, ஆனா மோஜாங்னு கேட்டா முழிப்பான். அமாங் அஸ் ஆடாத காலேஜ் ஹாஸ்டலே இல்ல, அதைப் பண்ணது இன்னர்ஸ்லாத்னு எத்தனை பேருக்குத் தெரியும்? ஃபிளாப்பி பேர்டு பண்ண வியட்நாம்காரரு கம்பெனி பேரு டாட்கியர்ஸ், நானே தேடித்தான் கண்டுபிடிச்சேன். அப்ப எதுக்கு இவ்வளவு மண்டைய உடைக்கணும்னா, இந்தப் பேரு வேலை செய்யுற இடம் வேற. பப்ளிஷருக்கு மெயில் போடும்போது, யாராவது யூட்யூப்ல நம்ம கேமை ஆடிக்கிட்டே பேரை வாயால சொல்லும்போது, முதல் கேம் பிடிச்சவன் ரெண்டாவது கேம் வந்துச்சான்னு தேடும்போது, இந்த மூணு இடத்துலதான். மூணுலயும் நடக்குறது ஒரே விஷயம்தான், ஒரு தடவை காதுல கேட்டதை ஒருத்தன் இங்கிலீஷ் எழுத்துல டைப் பண்ணணும். தப்பா டைப் பண்ணா நாம கிடைக்க மாட்டோம். அதனால நான் எல்லாப் பேரையும் இந்த ஒரு கேள்வியை வெச்சுத்தான் பாத்தேன், அர்த்தம் நல்லாருக்கா கவித்துவமா இருக்காங்கறதெல்லாம் அதுக்குப் பின்னாடிதான்.

இன்னொண்ணு, கடைப் பேரும் காகிதப் பேரும் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. இது தெரியாமத்தான் நிறைய பேரு ஆரம்பத்துலயே குழம்புறாங்க. ஸ்டீம்ல காசு வாங்க சட்டப்படியான பேரு கொடுக்கணும், அது பேங்க் அக்கவுண்ட்ல இருக்குற பேரோட ஒத்துப் போகணும், ஆனா கேம் பக்கத்துல டெவலப்பர்னு காட்டுறது நாம வெச்ச பேரா இருக்கலாம். ஆப்பிள் அப்படி இல்ல. தனி ஆளா அக்கவுண்ட் எடுத்தா, வருஷத்துக்கு 99 டாலர் கட்டினாலும், ஆப் ஸ்டோர்ல விக்கிறவர்னு நம்ம சொந்தப் பேரைத்தான் போடுவான். கம்பெனி பேரு வரணும்னா சட்டப்படி பதிஞ்ச நிறுவனமா இருக்கணும், நிறுவனத்தை அடையாளம் காட்டுற டி-யு-என்-எஸ் நம்பர் வேணும், வெறும் கடைப் பேரையெல்லாம் ஏத்துக்க மாட்டான். கூகுள் ப்ளேல 25 டாலர் ஒரே தடவைதான், டெவலப்பர் பேரு நம்ம இஷ்டம்தான், ஆனா தனிநபர் அக்கவுண்ட்ல காசுக்கு வித்தா நம்ம முழு அட்ரஸை உலகத்துக்கே காட்டுவான். தங்கச்சிமடத்து வீட்டு அட்ரஸ் ப்ளே ஸ்டோர்ல தொங்குறதை அவங்க அப்பா பாத்தா என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியும்.

சரி, ஒவ்வொண்ணா வரேன்.

பாம்பன் கேம்ஸ். இதுதான் எல்லாருக்கும் முதல்ல தோணுறது, நாங்களும் அப்படித்தான். இங்கிலீஷ்ல எழுதினா எந்தக் குழப்பமும் இல்ல, வெள்ளைக்காரனும் ஓரளவுக்குச் சரியா சொல்லிருவான், தமிழ் ஆளு கேட்ட உடனே எந்தப் பக்கம்னு புரிஞ்சுக்குவான். டைப் பண்ற பரீட்சையில முழு மார்க்கு. ஆனா தேடிப் பாருங்க. 1914ல கட்டின பழைய பாலம், 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்த புதுப் பாலம், 72.5 மீட்டர் நீளத் துண்டு லிஃப்ட் மாதிரி மேல போற வீடியோ, அதைப் பாக்க ரோட்டுப் பாலத்துல வண்டிய நிறுத்திட்டு செல்ஃபி எடுக்குற கூட்டம், இதையெல்லாம் தாண்டி எங்க கேம் எத்தனாவது பக்கத்துல வரும்? ரயில்வேயோட போட்டி போட்டு நாம ஜெயிக்கப் போறதில்ல. டிரேட்மார்க் பக்கமும் இது வீக்கு. 1999 சட்டத்துல 9ஆவது பிரிவு இருக்கு, வெறும் ஊர்ப் பேரு மாதிரி, பொருள் எங்கிருந்து வருதுன்னு மட்டும் சொல்ற வார்த்தையைத் தனி ஒருத்தருக்குச் சொந்தமாக்க அது இடம் கொடுக்காது, கூட ஒட்டுற கேம்ஸ்ங்கறதும் பொதுச் சொல்லு. நாளைக்கே பாம்பன்ல இன்னொருத்தன் பாம்பன் ப்ளேனு ஆரம்பிச்சா நாம கையக் கட்டிக்கிட்டு பாக்கணும். ஊருப் பாசம் எனக்கும் உண்டு, அதை ஸ்டுடியோ பத்தின வரியில எழுதிக்கலாம், ராமேஸ்வரம் தீவுக்குப் பக்கத்துல இருந்து கேம் பண்றோம்னு சொன்னாலே வெளிநாட்டுப் பத்திரிகைக்காரன் நிமிர்ந்து உக்காருவான்.

தனுஷ்கோடின்னு ஒரு யோசனையும் நடுவுல வந்துச்சு, வெளியூர் ஃப்ரெண்டு ஒருத்தன் சொன்னது, செம மாஸா இருக்கும்டானு. மாஸாத்தான் இருக்கும். 1964 டிசம்பர் புயல்ல ரயிலோட ஆளுங்க போன ஊரு அது, அங்கிருந்து பொழச்சு வந்தவங்க வீடு இன்னும் தங்கச்சிமடத்துல இருக்கு, அந்தப் பேரை லோகோவா போட்டு அது துள்ளிக் குதிச்சு வர்ற மாதிரி அனிமேஷன் பண்ண எனக்குக் கை வராது. லிஸ்ட்லயே சேர்க்கல.

சேது இன்டராக்டிவ் பத்தி ரொம்பப் பேச ஒண்ணுமில்ல. இந்த ஜில்லாவுல சேதுங்கற பேரு இல்லாத தெரு கிடையாது, சேதுபதி ராஜா காலத்துல இருந்து வர்றது, பஸ்ஸு, ஸ்கூலு, மளிகைக்கடை, மெட்ராஸ் போற எக்ஸ்பிரஸ் வரைக்கும் அதே பேருதான். போதாக்குறைக்கு அந்த வார்த்தையைச் சுத்தி அரசியலும் சாமி விஷயமும் இருக்கு, கேம்ல எவனாவது பாலத்துல இருந்து குதிச்சா அதுக்கு ஒரு விளக்கம் கேப்பாங்க. மத உணர்வைப் புண்படுத்துற மார்க்கைப் பதிய முடியாதுன்னு அதே 9ஆவது பிரிவுலயே வருது, அந்த வம்புக்குப் பக்கத்துலயே போக வேண்டாம். கலாம் ஐயா பேரு வைக்கலாம்னு எங்க மாமா ஒருத்தர் சொன்னாரு, அதுக்கும் ஒரு பதில் இருக்கு. உயிரோட இருக்குறவங்க, இல்லன்னா இறந்து 20 வருஷம் ஆகாதவங்களோட நமக்குச் சம்பந்தம் இருக்குற மாதிரி பொய்யா காட்டுற பேரா இருந்தா, அவங்க சார்புல எழுத்துப்பூர்வமா சம்மதம் கொண்டான்னு ரிஜிஸ்ட்ரார் கேக்கலாம், 14ஆவது பிரிவு. ஐயா இறந்தது 2015. மாமாகிட்ட இதைச் சொன்னதும், அப்ப 2035ல வைங்கடான்னுட்டாரு.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பக்கம், நம்ம கடக்கரைப் பேச்சுல இருந்து எடுக்குற பேரு. இதுல ஒரு பெரிய லாபம் இருக்கு, சாஃப்ட்வேர் உலகத்துல இந்த வார்த்தைய யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. கேமுக்கும் படகுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாததால டிரேட்மார்க் கண்ணுல அது பலமான பேரு, பொருளை விவரிக்காத பேருக்குத்தான் அங்க மதிப்பு. தமிழ்ப் பேரு வெளிநாட்டுல எடுபடாதுன்னு பேசுறவங்களுக்கு விசை கேம்ஸைக் காட்டலாம். டொரண்டோவுல இருக்குற சின்ன ஸ்டுடியோ, 2023ல வெண்பான்னு கேம் விட்டு, அடுத்த வருஷம் பிரிட்டன்ல கொடுக்குற பாஃப்டாவுல அறிமுக கேம் விருதே வாங்கினாங்க. ஸ்டுடியோ பேரும் தமிழு, கேம் பேரும் தமிழு, ஒரு பயலும் எனக்கு வாயில நுழையலன்னு வாங்காம போகல. ஆனா கவனிங்க, இங்கிலீஷ் எழுத்துல விசை அஞ்சே எழுத்து, வெண்பாவும் அஞ்சே எழுத்து, ரெண்டுலயும் ழ இல்ல, குறில் நெடில் சண்டை இல்ல. சும்மா அமையல அது, யோசிச்சு வெச்சிருப்பாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

இந்த ழ விவகாரம் பெரிய விவகாரம். ஆழி, யாழ், தெக்கத்திக் காத்தைச் சொல்ற சோழகம்னு அழகழகா பேரு தோணும், இங்கிலீஷ்ல எழுதும்போது இசட் எச் போடுவோம், அமெரிக்காக்காரன் அதைப் பாத்து ஆசின்னு படிப்பான், அவன் வீடியோவுல ஆசின்னு சொல்லுவான், அதைக் கேட்டவன் ஆசின்னு தேடுவான், முடிஞ்சுது. ழ இருந்தா வேண்டாம்னு ஒரே போடா போட்டுட்டோம். என் மனசுல சோழகத்துக்கு ஒரு இடம் இருந்துச்சு, பரவாயில்ல.

வத்தை. பாக் ஜலசந்திப் பக்கம், அதாவது எங்க ஆளுங்க வடகடல்னு சொல்ற பக்கம் ஓடுற படகு. சின்னது, நாலஞ்சு பேரு போலாம், ஸ்டுடியோவுக்கும் பொருத்தமா இருக்கேன்னு ஆசையாத்தான் இருந்துச்சு. லோகோ கூட வரைஞ்சேன், பாய் விரிச்ச படகு, ரொம்ப நல்லா வந்துச்சு. இங்கிலீஷ்ல எழுதிக் காட்டினோம். எங்க ஜூனியர் ஒருத்தன் அதைப் பாத்துட்டு, என்னண்ணே வதைன்னு பேரு வெச்சிருக்கீங்க, பேய் கேமான்னு கேட்டான். அவ்வளவுதான் கதை. டி ஒண்ணா ரெண்டா, எச் வேணுமா வேணாமான்னு ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுறாங்க, அதுல பாதி வதைன்னு படிக்குது, மீதி வட்டைன்னு படிக்குது. தமிழ் எழுத்துல மட்டும் வாழுற பேரா இருந்தா வத்தைதான் என் ஓட்டு. ஸ்டீம் தேடல் கட்டத்துல அது வாழாது.

ஆவுளியா இதை விடப் பெரிய கூத்து. கடல் பசுவை இங்க ஆவுளியான்னு சொல்லுவாங்க, புல்லு மேஞ்சுக்கிட்டு யாருக்கும் தொந்தரவு இல்லாம இருக்குற ஜீவன், 2022ல பாக் விரிகுடாவுல 448 சதுர கிலோமீட்டருக்கு அதுக்குன்னே பாதுகாப்பகம் அறிவிச்சாங்க, தஞ்சாவூர் புதுக்கோட்டைக் கரைப் பக்கம். லோகோவுக்கு அதைவிடத் தங்கமான உருவம் கிடைக்காது, குழந்தைங்களுக்கு பொம்மையா கூட பண்ணி விக்கலாம். சவுண்டு பாக்குற புள்ளைக்கு இதுதான் முதல் சாய்ஸ். கீழக்கரைக்காரன் வீட்டுல போயி இங்கிலீஷ் எழுத்துல இருந்ததைக் காட்டியிருக்கான், அவங்க உம்மா வாசிச்சுப் பாத்துட்டு, "ஏம்ப்பா, அவுலியாக்கள் பேரைப் போட்டா வெளையாட்டுச் சாமான் விக்கப் போறீங்க?"ன்னு கேட்டிருக்காங்க. ஏர்வாடி தர்ஹா பக்கத்துலயே இருக்குற ஊர்ல, இறைநேசர்களைச் சொல்ற வார்த்தையும் இதுவும் இங்கிலீஷ் எழுத்துல ஒரே மாதிரி வந்து நிக்குது. நம்ம மனசுல கடல் பசுதான் இருக்குன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி விளக்க முடியுமா? அவங்க கோவப்படல, சும்மாதான் கேட்டாங்க, ஆனா அந்தக் கேள்விய வேற யாராவது கோவமா கேக்குறதுக்கு முன்னாடி கேட்டதுக்கு நன்றின்னு சொல்லி விட்டுட்டோம். சொந்த ஊர்ல நாலு வகை ஆளுங்ககிட்ட காட்டாம எந்தப் பேரையும் வைக்காதீங்க, எல்லாரும் கடைசியில கூகுள்ல பாக்குறாங்க, பக்கத்து வீட்டுல கேக்குறதில்ல.

கொண்டல். கிழக்க இருந்து வர்ற காத்து. இங்கிலீஷ்ல ஆறு எழுத்து, கே ஓ என் டி ஏ எல், வேற மாதிரி எழுத யோசிச்சாலும் வரல. தமிழ் ஆளு படிச்சாலும் கொண்டல்தான், மலையாளி படிச்சாலும் கிட்டத்தட்ட அதேதான், வெள்ளைக்காரன் டகரத்தை மெல்ல சொல்லுவான், அவ்வளவுதான் வித்தியாசம். போன்ல ஒரு ஆளுக்குச் சொல்லி, அவரை டைப் பண்ண வெச்சு ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்றதுதான் எங்க பரீட்சை, அதுவும் மண்டபம் படகுத்துறையில நின்னு பேசினா காத்து இரைச்சல்ல பாதி வார்த்தை பறந்துரும், அதுலயும் கொண்டல் தப்பிச்சு வந்துச்சு. தங்கச்சிமடத்துப் புள்ளையோட அப்பா நாட்டுப்படகுல போறவரு, அவர்கிட்ட சொன்னதுக்கு, "கொண்டக் காத்துக்கு எதுக்கும்மா கம்ப்யூட்டரு"ன்னு கேட்டாரு, புரிஞ்சிருச்சுல்ல, அது போதும். குறை இல்லாம இல்ல. தெலுங்குல கொண்டல் ராவ்னு ஆளுங்களுக்குப் பேரு இருக்கு, வடக்க கொண்டல்னு குடும்பப் பேரும் இருக்கு, அதனால தேடினா மனுஷங்க வருவாங்க. மனுஷங்களோட போட்டி போடுறது பாலத்தோட போட்டி போடுறதை விட ஈஸி, பின்னாடி கேம்ஸ்னோ ஸ்டுடியோன்னோ சேர்த்துத் தேடினா பிரிஞ்சிரும்.

சேர்த்து ஒட்டுற அந்த ரெண்டாவது வார்த்தையப் பத்தியும் சொல்லணும், ஏன்னா இங்க அதுல ஒரு ஆபத்து இருக்கு. நம்ம ஊர்ல ஆன்லைன் கேம் கம்பெனின்னு சொன்னா ஆளுங்க காதுல ரம்மின்னுதான் விழுது. கடன் வாங்கி ஆடி அழிஞ்ச கதை எல்லார் சொந்தத்துலயும் ஒண்ணு இருக்கும். தமிழ்நாட்டுல 2022லயே சட்டம் போட்டாங்க, 2025 ஆகஸ்ட்ல பார்லிமென்ட்லயும் காசு கட்டி ஆடுற ஆன்லைன் கேமுக்குத் தடை சட்டம் வந்துருச்சு. அதனால கேமிங், ப்ளே, வின், லக்கி, கிளப் இதெல்லாம் பேருல இருந்தா கரண்ட் அக்கவுண்ட் தொறக்கப் போற இடத்துலயே மேனேஜர் ஒரு மாதிரி பாப்பாரு, பொண்ணு பாக்கப் போற இடத்துல அதைவிட மோசம். ஸ்டுடியோன்னு போட்டா கல்யாண ஃபோட்டோ எடுக்குறவங்கன்னு நினைப்பாங்க, அது எவ்வளவோ மேல். நான் ஸ்டுடியோ பக்கம். வெளியூர்க்காரங்களுக்கு இந்தப் பயம் இருக்காது, அவங்க கேம்ஸ்னே வெச்சுக்கட்டும்.

இங்கிலீஷ்ப் பேருக்கு வரேன். சால்ட் ரீஃப் ஸ்டுடியோஸ், கீழக்கரைக்காரன் கொண்டு வந்தது, அவன் வாதத்தையும் நியாயமா சொல்லணும். உலகத்துல எவனும் எழுத்துப் பிழை இல்லாம டைப் பண்ணுவான். வாலிநோக்கத்து உப்பளமும் இருக்கு, மன்னார் வளைகுடா பவளப்பாறையும் இருக்கு, ரெண்டும் நம்ம ஜில்லா, ஆக ஊரும் உள்ள வந்துருச்சு. இந்தியாவுலயே நல்ல கேம் பண்ணவங்க இப்படித்தான் வெச்சிருக்காங்க, புனேல நாடிங் ஹெட்ஸ், ஹைதராபாத்ல ஓகர் ஹெட், யாரும் குறை சொல்லல. இதெல்லாம் சரிதான். என் பிரச்சினை, இந்த மாதிரி ரெண்டு வார்த்தைப் பேரு கடல்ல மீனு மாதிரி கிடக்கு, ஒண்ணைப் பாத்தா இன்னொண்ணு மறந்துரும். ரீஃப்னு முடியுறது, சால்ட்னு ஆரம்பிக்கிறது எத்தனை இருக்கும்னு தேடிப் பாத்தா தலை சுத்தும். பொது வார்த்தைய வெச்சா வேற ஒருத்தன் அதை ஏற்கனவே தன்னோடதுன்னு புடிச்சு வெச்சிருக்குற ஆபத்தும் இருக்கு. கேண்டி க்ரஷ் பண்ற கிங் கம்பெனி, 2014ல பேனர் சாகாங்கற கேமோட டிரேட்மார்க்கை எதிர்த்தாங்க, என்ன காரணம்னா சாகாங்கற வார்த்தை. ரெண்டு கேமுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, ஒண்ணு மிட்டாய் சேர்க்குறது, ஒண்ணு பனியில சண்டை போடுறது. கடைசியில சமரசம் ஆச்சு. நோ மேன்ஸ் ஸ்கை பண்ண ஹலோ கேம்ஸுக்கு ஸ்கைங்கற ஒரு வார்த்தைக்காக பிரிட்டிஷ் டிவி கம்பெனியோட பேசி முடிக்கவே வருஷக்கணக்காச்சு, 2016ல ரிலீஸுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் முடிஞ்சுது. அவங்களுக்கு வக்கீல் வைக்க வழி இருந்துச்சு. நமக்கு ஒரு லெட்டர் வந்தாலே பேரை மாத்திட்டுப் போயிருவோம், அதுதான் நிஜம்.

எழுத்தை மாத்தி வெச்சா தப்பிக்கலாம்னு ஒரு நினைப்பு இருக்கு, எஸ்ஸுக்கு இசட் போடுறது, ஒரு எழுத்தை முழுங்குறது. டிரேட்மார்க்ல காதுக்கு எப்படிக் கேக்குதுங்கறதையும் பாப்பாங்க, இந்திய டிரேட்மார்க் தேடல் பக்கத்துலயே ஒலியை வெச்சுத் தேடுற வசதி தனியா இருக்கு, அதுல ஒரு தடவை போட்டுப் பாருங்க, எந்தெந்தப் பேரெல்லாம் நமக்குச் சொந்தக்காரன்னு தெரியும். போதாக்குறைக்கு நம்ம பரீட்சையிலயும் அது தோத்துரும், கேட்டவன் சரியான ஸ்பெல்லிங்லதான் தேடுவான்.

முரிலோ மாதிரி கட்டின பேரு சட்டப்படி பாத்தா இருக்குறதுலயே பலம். ஜோஹோன்னா என்னன்னு யாருக்கும் தெரியாது, ஆனா இன்னிக்கு அது ஒரே ஒரு கம்பெனிதான். அதுவும் 2009 வரைக்கும் அட்வென்ட்நெட்டா இருந்து அப்புறம் மாறினது. நமக்கு அந்த அளவுக்குப் பேரைப் பரப்ப காசு கிடையாது, அர்த்தம் இல்லாத பேரை மண்டையில ஏத்த விளம்பரம் வேணும். கடைசி ஆணி என்னன்னா, முரிலோ பிரேசில்ல பையங்களுக்கு வைக்கிற பேராம். முரல் மீனும் போச்சு.

சொந்தப் பேரையோ மூணு பேரோட முதல் எழுத்தையோ சேர்த்து வைக்கிறதை நாங்க யோசிக்கவே இல்ல. ஒருத்தர் விலகினா என்ன பண்றது. ஜாம் சாஃப்ட்வேர்னு சின்னப் பசங்களா ஆரம்பிச்சவங்க பின்னாடி நாட்டி டாக்னு மாறித்தான் பேரு வாங்கினாங்க, ரெலூட்னு ஆரம்பிச்சவங்க ஆங்ரி பேர்ட்ஸ் பண்ண ரோவியோ ஆனாங்க, அதனால பேரு மாத்துறது உலகத்துல நடக்காத விஷயம் இல்ல. ஆனா அவங்க பெருசா ஆகுறதுக்கு முன்னாடி மாத்தினாங்க, அதைப் பாத்துக்கங்க.

செலவுக் கணக்கு. டிரேட்மார்க் ஆன்லைன்ல போட்டா தனி ஆளுக்கும், ஸ்டார்ட்அப்புக்கும், சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபா, மத்தவங்களுக்கு 9,000. கேம்ங்கறது டவுன்லோடு பண்ற சாஃப்ட்வேரா 9ஆவது வகுப்புல வரும், பொழுதுபோக்கு சேவையா 41ல வரும். ரெண்டும் போட்டா 9,000 ரூபா. நிறுவனமா போடும்போது இந்தப் பாதி ரேட்டு கிடைக்கணும்னா சிறு தொழிலுக்கான அரசாங்கப் பதிவான உதயம் பதிவு எடுத்து வெச்சிருக்கணும், அது ஓசிதான், எவனாவது காசு கேட்டா அது புரோக்கர் வெப்சைட்டு. கைல காசு இல்லன்னா 9ஆவது வகுப்பை மட்டும் முதல்ல போடுங்க. லோகோவை விட வெறும் வார்த்தையைப் பதியுறதுதான் புத்திசாலித்தனம், லோகோ நான் வருஷா வருஷம் மாத்துவேன். தமிழ் எழுத்துல பதிஞ்சா அதோட ஒலிபெயர்ப்பும் அர்த்தமும் சேர்த்துக் கொடுக்கணும், முதல் விண்ணப்பம் இங்கிலீஷ் எழுத்துல இருக்கட்டும். பரிசீலனையில ஆட்சேபம் வந்தா 30 நாளுக்குள்ள பதில் போடணும், டிரேட்மார்க் ஆபீஸ் ஜர்னல்ல வந்த பிறகு 4 மாசம் யாரு வேணா எதிர்க்கலாம், எல்லாம் தாண்டினா 10 வருஷத்துக்கு நம்முது. போட்ட உடனே டிஎம்னு பேருக்குப் பக்கத்துல போட்டுக்கலாம், வட்டத்துக்குள்ள ஆர் மட்டும் பதிவு கைக்கு வர்றதுக்கு முன்னாடி போட்றாதீங்க, அது குற்றம்.

கம்பெனிப் பதிவுல பேரு ஓகே ஆயிருச்சுன்னா டிரேட்மார்க்கும் ஆயிருச்சுன்னு நினைக்கிறவங்க நிறைய. ரெண்டும் வேற வேற ஆபீஸு. எல்எல்பின்னா, அதாவது பங்காளிங்க பொறுப்புக்கு எல்லை வெச்ச கூட்டு நிறுவனம்னா, ரெண்டு பேரு கொடுக்கலாம், ஒண்ணு ஓகே ஆனா 3 மாசம் நமக்காக எடுத்து வெச்சிருப்பாங்க, புதுசா பிரைவேட் லிமிடெட்னா 20 நாள்தான். பின்னாடி கம்பெனி பேரை மாத்தணும்னா தீர்மானம், ஒப்புதல், பேங்க், ஜிஎஸ்டி, ஸ்டீம், எல்லாத்துலயும் மாத்திக்கிட்டு அலையணும், அதனாலதான் காகிதப் பேரு சப்புன்னு இருந்தா நல்லதுன்னு நான் நினைக்கிறேன், யாரும் பாக்காத பேரு அது. முழுசா பாத்தா மூணு பேருக்கு எல்எல்பி போதும், ஆப்பிளுக்கும் அது ஒத்து வரும். ஆனா கேம் ஒண்ணு கூட வெளிய வராம இதையெல்லாம் பண்ணி ஆடிட்டருக்கு வருஷாவருஷம் அழுறதுல எனக்கு விருப்பம் இல்ல, ஸ்டீம் பக்கம் போட்டு விஷ்லிஸ்ட், அதாவது வந்தா வாங்கலாம்னு குறிச்சு வெக்கிறவங்க கணக்கு, எப்படி ஏறுதுன்னு பாத்துட்டுப் போலாம்.

வெப்சைட்டுக்கு டாட் காம் கிடைக்கலன்னா டாட் இன் எடுத்துக்கலாம், அதுல மானம் போறதுக்கு ஒண்ணுமில்ல. தமிழ்லயே டாட் இந்தியான்னு முகவரி எடுக்கலாம், பாக்க ஆசையா இருக்கும், ஆனா அதுல மெயில் வெச்சா பாதி ஃபாரம் இது மெயிலே இல்லன்னு திருப்பி அனுப்பும், கூடுதலா வேணா வாங்கி வெச்சுக்கங்க. இன்ஸ்டா, டிஸ்கார்டு, யூட்யூப், சின்ன கேமெல்லாம் போடுற இட்ச், இந்த நாலுலயும் ஒரே பேரு கிடைக்கணும், கீழ்க்கோடு போட்டுக் கிடைக்கிறது கிடைக்காததுக்குச் சமம், வாயால கீழ்க்கோட்டை எப்படிச் சொல்றது.

ஆக என் ஓட்டு கொண்டல் ஸ்டுடியோ. ரெண்டாவது இடம் பாம்பன், தேடல்ல அடிபடுறதால மட்டும் பின்னாடி போச்சு. சால்ட் ரீஃப் மூணாவது. வத்தையை நான் ஒரு படகுக்கு வைப்பேன், கேமுக்குள்ள வர்ற படகுக்கு, அங்க அது தமிழ் எழுத்துல அழகா பக்கவாட்டுல எழுதியிருக்கும். ஆவுளியாவும் கேமுக்குள்ள நீந்தும், கோட் எழுதுறவன் அதுக்கு அனிமேஷன் கேட்டுக்கிட்டே இருக்கான்.

பண்ற வரிசை இதுதான்: வெப்சைட் முகவரியும் அந்த நாலு இடத்துக் கணக்குப் பேரும் ஒரே நாள்ல, ஒரே மூச்சுல எடுக்கணும், அதுக்கு முன்னாடி எந்த குரூப்லயும் பேரை வெளிய சொல்லக் கூடாது. அப்புறம் அமெரிக்க, ஐரோப்பிய டிரேட்மார்க் தேடல் பக்கத்துலயும் ஒரு தடவை பாக்கணும், நம்ம ஆடியன்ஸ் பாதி அங்கதான். பிறகு ஸ்டீமுக்கு 100 டாலர், அதை கேம் 1,000 டாலர் வித்தா திருப்பிக் கொடுப்பான். டிரேட்மார்க் என் பேருல தனி ஆளா போடலாமான்னு ஒரு பேச்சு ஓடுது, ரேட்டு கம்மி, ஆனா நாளைக்கு சண்டை வந்தா பேரு என்னோட வந்துரும், அது மத்த ரெண்டு பேருக்கும் நியாயமில்ல, அதனால மூணு பேரும் கூட்டு விண்ணப்பதாரரா போட்டு, யாரு போனா பேரு யாருக்குன்னு ஒரு பக்கம் எழுதி கையெழுத்து வாங்கணும்னு சவுண்டு புள்ள சொல்லிருச்சு. கீழக்கரைக்காரன் இன்னும் கையெழுத்துப் போடல, கொண்டலுக்கு அப்புறம் ஸ்டுடியோவா ஸ்டுடியோஸான்னு கேட்டுக்கிட்டு இருக்கான்.